ரோசாப்பூ துரை (ஜார்ஜ் ஜோசப் வாழ்க்கை வரலாறு)

எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, மண்டகப்பட்டு



முன்னுரை

நம்ம செஞ்சிப் பக்கத்தில் அதிகாரத்தை எதிர்த்து நின்றவர் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட ராஜா தேசிங்கு என்று சொல்லிவிடும். அவரிடம் வாள் இருந்தது, குதிரை இருந்தது, கோட்டை இருந்தது. நான் இங்கே எழுதப் போகிறவரிடம் அது எதுவும் இல்லை. சட்டப் புத்தகமும் பேனாவும்தான் இருந்தன. அவர் பெயர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். மதுரைப் பக்கத்துக் கிராமத்து மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டார்கள்.

பிறப்பும் படிப்பும்

ஜார்ஜ் ஜோசப் 1887ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி, அப்போதைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் உள்ள செங்கன்னூரில் பிறந்தார். இப்போது அது கேரளாவில் இருக்கிறது. அவருடையது சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். இயேசுவின் சீடரான தோமாவே நேரில் வந்து தங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று நம்புகிற மக்கள் அவர்கள். வெள்ளைக்காரன் வருவதற்குப் பல நூறு வருஷம் முன்னாடியே கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள். பிற்காலத்தில் பெரிய பத்திரிகை ஆசிரியராகப் புகழ் பெற்ற போத்தன் ஜோசப் இவருடைய தம்பி.

ஜார்ஜ் ஜோசப் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பிறகு கப்பலேறிப் போய் எடின்பரோவில் எம்.ஏ. பட்டமும், லண்டனில் பாரிஸ்டர் பட்டமும் வாங்கினார். 1909இல் திரும்பி வந்து முதலில் சென்னையிலும், அப்புறம் மதுரையிலும் வக்கீல் தொழில் பார்த்தார். மனைவி பெயர் சூசன்னா. தொழிலில் நல்ல வருமானம். ஆட்சி செய்தவர்களும் கிறிஸ்தவர்கள், இவரும் கிறிஸ்தவர். இங்கிலீஷும் தண்ணி பட்ட பாடு. பேசாமல் இருந்திருந்தால் பெரிய பதவியே கிடைத்திருக்கும் இல்லீங்களா? அவர் பேசாமல் இருக்கவில்லை.

பாதிக் கடலில் திருப்பி அனுப்பினார்கள்

1918இல் இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று இங்கிலாந்து மக்களிடமே போய்ச் சொல்ல அன்னிபெசன்ட் அம்மையார் மூன்று பேரை அனுப்பினார். அதில் ஒருவர் ஜார்ஜ் ஜோசப். ஆனால் ஜிப்ரால்டர் என்ற இடத்திலேயே அவர்களை மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டது பிரிட்டிஷ் அரசாங்கம். குற்றம் ஒன்றும் செய்யவில்லை, பேசப் போனார்கள், அவ்வளவுதான்.

அதே வருஷம் மதுரை ஹார்வி மில் தொழிலாளர்களுக்காகச் சங்கம் அமைக்க அவர் உதவினார். அடுத்த வருஷம் ரௌலட் சட்டம் வந்தது. நாமும் சமூக அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். விசாரணை இல்லாமலே யாரையும் ஜெயிலில் வைக்கலாம் என்கிற சட்டம். அதை எதிர்த்து மதுரையில் நடந்த சத்தியாக்கிரகத்துக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜ் ஜோசப்.

ரேகைச் சட்டம்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1871இல் வெள்ளைக்கார அரசு வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 1911இல் அதைத் திருத்தி நம்ம சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு சாதியையே குற்றவாளிகள் என்று அரசாங்கம் அறிவிக்கலாம் என்பதுதான் அந்தச் சட்டம். திருடியிருக்க வேண்டாம், சாட்சி வேண்டாம், அந்தச் சாதியில் பிறந்திருந்தால் போதும். மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் மக்கள் மேல் இதைப் போட்டார்கள். குறவர் போன்ற இன்னும் பல மக்கள் மேலும் போட்டார்கள்.

ஆம்பிளைகள் எல்லாரும் போலீசிடம் போய் விரல் ரேகை வைத்துப் பெயரைப் பதிய வேண்டும். அதனால் ஜனங்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். பல ஊர்களில் ராத்திரியானால் வீட்டில் படுக்க முடியாது. ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டும் என்றால் சீட்டு வாங்க வேண்டும். தவறினால் ஜெயில்.

நம்ம பெயரும் ஒரு ரெஜிஸ்டரில் இருக்கிறது. தினமும் காலையில் டீச்சர் கூப்பிட்டதும் உள்ளேன் ஐயா என்கிறோம். அது நாம படிக்கிறதுக்காக. அந்த ஊரில் தாத்தா வயசில் இருந்தவர்கள்கூட ராத்திரி போலீசிடம் போய் ஆஜர் கொடுத்தார்கள். அது எதுக்காக? தன் பொண்டாட்டி பிள்ளைகளோடு ஒரே கூரைக்குக் கீழே தூங்குகிறதைக்கூட அரசாங்கம் தடுக்க முடியும் என்றால் அதுக்குப் பெயர் சட்டமா? நீங்களே யோசியுங்கள்.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் என்ற ஊர் மக்கள் ரேகை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அந்த ஊரில் இப்போதும் அவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

அந்த மக்களுக்குப் பெரிய படிப்பு கிடையாது. கோர்ட்டில் பேசத் தெரியாது. அவர்கள் பக்கம் நின்ற பெரிய வக்கீல் ஜார்ஜ் ஜோசப். அந்தச் சட்டத்தை எதிர்த்துக் கோர்ட்டில் வாதாடினார், பத்திரிகைகளில் எழுதினார். அவர் அவர்கள் சாதி இல்லை, மதம் இல்லை, தாய்மொழிகூட வேறு. அந்தக் காலத்தில் சில இடங்களில் கிறிஸ்தவ அமைப்புகளே அரசாங்கத்துக்காகக் குற்றப் பரம்பரைக் குடியிருப்புகளை நடத்தின. ஆந்திராவில் இருக்கும் ஸ்டூவர்ட்புரம் சால்வேஷன் ஆர்மி நடத்திய அப்படி ஒரு குடியிருப்புதான். அதே மதத்தைச் சேர்ந்த இவர் அடைக்கிறவர் பக்கம் போகாமல் அடைபட்டவர் பக்கம் நின்றார்.

ஜோசப் என்ற பெயர் மக்கள் வாயில் ரோசாப்பூ ஆகிவிட்டது. கோட்டில் ரோசாப்பூ குத்தியிருப்பார், அதனால் வந்த பெயர் என்றும் சொல்வார்கள். துரை என்பது வெள்ளைக்காரனைக் கூப்பிடும் வார்த்தை. வெள்ளைக்காரனை எதிர்த்தவருக்கே அதைக் கொடுத்துவிட்டார்கள் நம்ம ஜனங்கள்!

ஜெயில் வாழ்க்கை

காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் ஜார்ஜ் ஜோசப் நல்லா ஓடிக்கொண்டிருந்த வக்கீல் தொழிலை விட்டார். கதர் கட்டினார். அலகாபாத் போய், மோதிலால் நேரு நடத்திய இண்டிபெண்டன்ட் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். அரசாங்கத்தை எதிர்த்து எழுதியதற்காக 1921 டிசம்பரில் கைதாகி, ஜவஹர்லால் நேருவோடு லக்னோ சிறையில் இருந்தார். வெளியே வந்த பிறகு, காந்தியடிகள் ஜெயிலில் இருந்த 1923இல் அவருடைய யங் இந்தியா பத்திரிகையை நடத்தினார்.

வைக்கம்

1924 மார்ச் 30இல் வைக்கம் போராட்டம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் ஈழவர், புலையர் போன்றோர் நடக்கக் கூடாது என்று தடை. கோயிலுக்குள்ளே போக அல்ல, தெருவில் நடக்கக்கூட! நாய் போகலாம், மாடு போகலாம், மனுஷன் போகக் கூடாது. அந்தத் தடைக்குச் சமஸ்தானத்துப் போலீஸ் காவல்.

முதல் வரிசைத் தலைவர்கள் கைதானதும் ஜார்ஜ் ஜோசப் பொறுப்பை ஏற்றார். அப்போது காந்தியடிகள் ஏப்ரல் 6ஆம் தேதி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இது இந்துக்கள் செய்த பாவம், இந்துக்களே இதைச் சரிசெய்யட்டும், கிறிஸ்தவரான நீங்கள் ஒதுங்கியிருங்கள் என்பது அதன் கருத்து. ஜார்ஜ் ஜோசப்புக்குக் காந்தியடிகள் மேல் ரொம்ப மதிப்பு. அவருக்காகத் தொழிலையே விட்டவர். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் வேறு மாதிரி நினைத்தார். தெரு எல்லோருக்கும் பொதுவானது, அதில் நடப்பது குடிமக்களின் உரிமை, உரிமைக்காகப் பேச மதம் பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். சில நாட்களிலேயே அவரும் கைதாகி ஜெயிலுக்குப் போனார். போராட்டத்துக்குப் பெரியாரைக் கடிதம் எழுதி அழைத்தவர்களில் ஜார்ஜ் ஜோசப்பும் ஒருவர்.

எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. நம்ம வீட்டு அழுக்கை நாமதான் கழுவணும் என்று காந்தியடிகள் நினைத்தார். அது தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அடிபடுகிறவன் எந்த வீட்டுக்காரன் என்று பார்த்துக்கொண்டே நின்றால் யார்தான் தடுப்பது? 1925 நவம்பரில் நாலு தெருவில் மூணு தெரு எல்லோருக்கும் திறந்தது.

காமராஜருக்காக

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1933இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கு என்று ஒன்று போட்டு அதில் காமராஜரையும் சேர்த்தார்கள். வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக வாதாடினார்கள். குற்றம் நிரூபணம் ஆகவில்லை, காமராஜர் விடுதலை ஆனார். பின்னாளில் நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டாரே, அதே காமராஜர்தான்.

இறுதிக் காலம்

1937இல் மத்திய சட்டசபைக்கு உறுப்பினராகத் தேர்வானார். ஆனால் ரொம்ப நாள் இருக்கவில்லை. 1938 மார்ச் 5ஆம் தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 50தான். ரேகைச் சட்டம் ஒழிந்ததை அவர் பார்க்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுக்க 1952இலும் அது நீக்கப்பட்டது. பலர் சேர்ந்து போராடி வாங்கிய வெற்றி அது. சாதிச் சான்றிதழில் சீர்மரபினர் என்று பார்த்திருப்பீர்களே, அந்தச் சட்டத்திலிருந்து விடுபட்டவர்களுக்கு வந்த பெயர்தான் அது.

முடிவுரை

நம்ம ஊர்க் குகைக்கோயிலை மகேந்திரவர்ம பல்லவன் செதுக்கி, தன் பெருமையைக் கல்லில் வெட்டி வைத்தான். 1,400 வருஷமாக அது அழியவில்லை. ஜார்ஜ் ஜோசப்புக்கு மதுரை யானைக்கல்லில் சிலை இருக்கிறது. அதைவிடப் பெரிசு ஒன்று உண்டு. அந்த மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். எந்த அரசாங்கமும் உத்தரவு போட்டு வாங்க முடியாத மரியாதை அது.

சாமி கும்பிடுவது கோயிலிலோ சர்ச்சிலோ மசூதியிலோ இருக்கலாம். அநியாயம் நடக்கும்போது உனக்கு என்ன என்று யாராவது கேட்டால், ரோசாப்பூ துரையை நினைத்துக்கொள்வோம்.

சிந்திக்க:
1. பிறந்த சாதியை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்வது இப்போது சட்டத்தில் இல்லை. நம்ம பேச்சில் இருக்கிறதா?
2. சட்டம் போட்டுவிட்டார்கள் என்பதற்காகவே ஒரு விஷயம் நியாயம் ஆகிவிடுமா?

விடையை அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள்.