பருத்தி அரசர் பிரேம்சந்த் ராய்சந்த்

இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள நம் போர்ட் பிளேயரில் 1858-இல் கைதிகளின் குடியிருப்பு அமைந்தது. அக்காலத்திலே பம்பாயில் ஓர் இளைஞர் பங்குத் தரகராகப் பெயர் பெற்று வந்தார். அவரே பிரேம்சந்த் ராய்சந்த். 1831-இல் சூரத்தில் ஜைன வணிகர் குடியில் பிறந்து, சிறு வயதிலேயே பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, ஆங்கிலமும் கற்றவர். மனையிலும் பங்கிலும் சேமிப்பை இடும் நம் காலனிக் குடும்பங்கள் அன்னாரின் வரலாற்றை அறிதல் நலமெனக் கருதுகிறோம்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்கள் அடைபட்டன. லங்காஷயர் ஆலைகள் பருத்திக்கு நம் நாட்டை எதிர்நோக்கின. பம்பாயில் பொன் குவிந்தது. குவிந்த பணத்துக்குப் போக்கிடம் வேண்டுமே! வங்கிகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளும் காளான்போல் முளைத்தன. பாக் பே கம்பெனியின் ஐயாயிரம் ரூபாய்ப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்கு விலைக்குப் போயிற்று. பிரேம்சந்தின் செல்வாக்கினால் பம்பாய் வங்கி பங்குகளையே ஈடாகக் கொண்டு கடனை வாரி வழங்கிற்று. ஏறிய விலை இனியும் ஏறும் என்பதே அனைவரின் கணக்கு.

அக்கணக்கைச் சற்று ஆராய்வோம். விலைக் கணிதம் வல்லோர் ஒரு சொத்தின் விலையை இரு கூறாக்குவர். ஆண்டுக்குச் சராசரியாக இவ்வளவு ஏறும் என்னும் போக்கு ஒன்று. அதனைச் சுற்றி மேலும் கீழும் அலையும் ஆட்டம் மற்றொன்று. ஆட்டத்தின் அளவைச் சில மாத விலைகளிலிருந்தே மதிப்பிடலாம். போக்கு அவ்வாறு அகப்படாது. நாள்தோறும் விலையைக் குறித்தாலும், நாழிகைதோறும் குறித்தாலும், சராசரிப் போக்குக்கு முதல் விலையும் கடைசி விலையுமே நிற்கும். இடைப்பட்டவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். காலம் நீண்டாலன்றித் தெளிவு பிறவாது.

புகைவண்டி ஓடாத தீவிலே புகைவண்டி அலுவலகக் கணக்கெழுதும் எமக்கும் விளங்கும் கணக்கு இது. ஓராண்டின் ஆட்டம் நூற்றுக்கு 20 என்க. நான்காண்டு விலைகளைக் கொண்டு கண்ட போக்கில், 4-இன் வர்க்கமூலமாகிய 2-ஆல் 20-ஐ வகுத்துவரும் 10 அளவுக்குப் பிழை எளிதில் நேரும். நூற்றுக்குப் பத்து ஏறும் என்று கண்டவர்க்கு உண்மைப் போக்கு சுழியாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். அப்பிழை 2-ஆகக் குறைய நூறாண்டு விலைகள் வேண்டும்! பம்பாய்க்காரர் கண்டதோ நான்கே ஆண்டுகள். அதுவும் போர் என்னும் ஒரே காரணத்தால் நேர்ந்த ஏற்றம்.

1865 ஏப்ரலில் தளபதி லீ சரணடைந்தார். பருத்தி விலை சரிந்தது. தவணைப் பேரங்கள் தீரவேண்டிய ஜூலை முதல் நாளன்று வாங்கியோர் பணமின்றித் திகைத்தனர். பங்குகள் வெறுந்தாளாயின. பிரேம்சந்தும் பெருங்கடனில் வீழ்ந்தார். பம்பாய் வங்கியும் நிலைக்கவில்லை. தம் பொருளை இழந்ததற்காக அவரைப் பழிக்க மாட்டோம். ஆயினும் பிறர் வைப்புத்தொகையை அந்தக் கணக்கை நம்பி ஈடுபடுத்தத் துணை நின்றதை எளிதில் மன்னிக்கவும் இயலவில்லை.

செழிப்புக் காலத்திலே அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த கொடையால் நூலகமும், அன்னையின் பெயர் தாங்கிய ராஜாபாய் மணிக்கூண்டும் எழுந்தன. கூண்டு 1878-இல் முடிவுற்றது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் அவர் பெயரால் ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித்தொகை ஏற்பட்டது. வீழ்ச்சிக்குப் பின் மீண்டும் தரகுத்தொழிலையே மேற்கொண்டார். 1875-இல் தரகர்கள் கூடிச் சங்கம் நிறுவியபோது முன்னின்றோரில் அவரும் ஒருவர். அச்சங்கமே பம்பாய்ப் பங்குச் சந்தையாக வளர்ந்தது. 1906-இல் மறைந்தார்.