ஏடு தொகுத்த தாமோதரம்பிள்ளையவர்கள்

யாதேனுமொன்றைத் தேடித் தொகுத்து வைத்தல் மனிதர்க்கு இயல்பு. நம்மூர்ச் சிறுவர் குன்றிமணியும் சோகியும் புளியங்கொட்டையும் பொறுக்கிச் சிமிழிலே சேர்ப்பர். வளர்ந்தோர் பழங்காசு சேர்ப்பர். தபால் முத்திரை சேர்ப்பர். சங்குஞ் சிப்பியுஞ் சேர்ப்பாருமுளர். சிலர் அழகு கருதிச் சேர்ப்பர். சிலர் பிறரிடத்தில்லாதது தம்மிடத்துண்டென்னும் பெருமை கருதிச் சேர்ப்பர். சிலர் எதன்பொருட்டுச் சேர்க்கின்றோமென்று தாமே அறியார். சேர்த்ததனைப் பெட்டியிலிட்டுப் பூட்டுதலில் மாத்திரம் பெரும்பாலாரும் ஒத்திருப்பர். பூட்டுதற்கன்றித் திறந்து யாவர்க்கும் வழங்குதற்கென்றே ஒன்றைத் தேடித் திரிந்தவர் ஒருவர் யாழ்ப்பாணத்திலே பிறந்தனர். அவர் தேடியது பழுதுபட்ட பனையோலை. அவரே சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள்.

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் நாள் சிறுப்பிட்டியிலே வைரவநாதர்க்கும் பெருந்தேவி அம்மையார்க்கும் புதல்வராய்ப் பிறந்தனர். தந்தையார் கிறிஸ்து சமயத்தைத் தழுவியவர். மைந்தரோ பிற்காலத்திற் சைவராகிச் சைவ மகத்துவம் என்னும் நூலும் எழுதினர். இளமையிற் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடத்துத் தமிழிலக்கண விலக்கியங்களைக் கற்றனர். ஆங்கிலமும் பிறகலைகளும் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் பயின்றனர். இருபத்திரண்டு வயது நிரம்புமுன்னரே நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிட்டனரெனின், அச்சின்மேல் அவர்க்கிருந்த விருப்பம் எத்துணை முந்தியதென்பது தெளிவாம்.

பேர்சிவல் பாதிரியார் அழைப்பின்படி சென்னை சென்று தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடாத்தினர். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைச் சருவகலாசாலையின் முதற் பி. ஏ. பரீட்சையிலே தேறினோர் இருவர். ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் அவர்க்கு ஆசிரியராயிருந்த விசுவநாதபிள்ளை. ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கே ஒரு பரீட்சையில் அமர்ந்து தேறியதும், அவ்விருவரும் யாழ்ப்பாணத்தவராயிருந்ததும் நம்மவர் இன்றும் சொல்லி மகிழ்வது. பின்னர்க் கள்ளிக்கோட்டையில் ஆசிரியராகவும், சென்னை அரசாங்கக் கணக்குச் சாலையில் உத்தியோகத்தராகவும் இருந்து, சட்டமுங் கற்றுப் பி. எல். பட்டமும் பெற்றனர். இவையெல்லாம் அக்காலத்து அரியவே. ஆயினும் பட்டங்களின் பொருட்டு அவரை நினைப்பவர் இன்று மிகச் சிலர்.

அவர் காலத்திலே ஏடுகளின் நிலைமை எத்தன்மையதென்பதை ஈண்டுச் சிறிது விரித்தல் வேண்டும். பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, மை தடவித் துளையிட்டுக் கயிறு கோத்து, சட்டத்துள் வைத்துக் கட்டுவது ஏடு. நம்முடைய வெப்பத்திலும் ஈரத்திலும் நன்றாகப் பேணிய ஏடும் இருநூறு முந்நூறு ஆண்டுக்குமேல் நிற்றல் அரிது. சிதலும் இராமபாணப் பூச்சியும் அதனை இரையாக்கும். ஆதலின் ஒவ்வொரு தலைமுறையிலும் படிப்பாரும் பெயர்த்தெழுதுவாரும் இருந்தாலன்றி நூல் உயிரோடிராது. படிப்பார் குன்றிய பின்னர் ஏடு பரணிற் கிடந்தது. பாட்டனார் வைத்ததென்று நவராத்திரியிற் பூவிட்டுப் பூசித்தவரும், நைந்ததென்று ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவரும், தீயிலிட்டவரும் உளர். அவர் எவரும் தமிழுக்குத் தீங்கு செய்ய நினைந்தாரல்லர். கேட்டார்க்குக் கொடுக்கவும் மனமின்றித் தாம் படிக்கவும் வலியின்றி வைத்திருந்த வீடுகளும் பல. காப்போர் கையிலேயே நூல் அழிந்ததென்றல் கேட்போர்க்கு வியப்பாயினும் நிகழ்ந்தது அதுவே.

ஏடு கிடைத்தவிடத்தும் அதனை வாசித்தல் எளிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேற்றுமையின்றி எழுதப்பட்டிருக்கும். காலும் ரகரமும் ஒரே வடிவாயிருக்கும். செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று, மேற்கோள் எவ்வளவென்பதற்கு அடையாளமொன்றுமின்றி எல்லாம் ஒரே தொடராய் ஓடும். எழுதினவர் கல்லாதவராயின் பிழையும் அதனோடு கூடும். ஒரு பிரதியிற் சிதைந்ததை மற்றொரு பிரதியிற் கண்டு நிரப்புதலன்றி வேறு வழியில்லை. ஒரு நூலுக்குப் பல ஏடு வேண்டியது இதனாலேயே. பழங்காசு சேர்ப்பவர்க்கு ஒரே காசு இரண்டு கிடைப்பின் ஒன்று மிகையாம். ஏடு சேர்த்த பிள்ளையவர்களுக்கோ இரண்டாவது பிரதி முதலாவதினும் அருமையாயிருந்தது.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டனர். அதனைப் பரிசோதித்தவர் ஆறுமுக நாவலரவர்கள். 1879இல் நாவலரவர்கள் சிவபதமடைந்தபின் பரிசோதனைப் பாரமும் பிள்ளையவர்கள் தலைமேலேயே வந்தது. 1881இல் வீரசோழியமும், 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் வெளிவந்தன. வீரசோழியத்தின் ஆசிரியர் புத்தமித்திரர், பௌத்தர். 1889இல் வெளியிட்ட சூளாமணி சைன காவியம். தாம் சைவராயிருந்தும், தமிழாயின் எச்சமயத்தார் நூலாயினும் அழியவிடலாகாதென்பதே அவர் கொள்கையாயிற்று. இதனை அவர் காலத்தில் விரும்பாதாரும் இருந்திருப்பர். இன்றைக்கு நாம் அவர்க்கு நன்றி கூறுதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் செய்தவற்றுட் பெரியது தொல்காப்பியப் பொருளதிகாரப் பதிப்பு. இறையனார் அகப்பொருளுரையிலே ஒரு வரலாறு உண்டு. பாண்டிநாட்டிற் பன்னீரியாண்டு வற்கடம் வந்து நீங்கியபின், எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லாரை அரசன் பெற்றானென்றும், பொருளதிகாரம் வல்லாரைப் பெறாது வருந்தினானென்றும் அவ்வுரை கூறும். அந்நூலை அச்சிட்ட பிள்ளையவர்கள் தாமும் அவ்வரசன் நிலையிலேயே நின்றனர். எழுத்தும் சொல்லும் முன்னரே அச்சேறின. பொருளதிகாரமோ உரையோடு எங்குமில்லை. கிடைத்த சில பிரதிகளும் தொட்டவிடத்தே ஒடிவன. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் முதலிய பெரியோரை அணுகியும், ஏடுடையாரிடத்து இரந்தும் நூல்களை ஈட்டினர். பிழைபட்ட பதிப்பென்று புலவர் இகழ்வரென்பதை நன்கறிந்திருந்தனர். குற்றமற்ற பிரதி வருமென்று காத்திருப்பின், வருவதற்குள் இருப்பதும் போய்விடுமென்பதையும் அறிந்திருந்தனர். இகழ்ச்சியை ஏற்றுக்கொண்டு 1885இல் அதனை அச்சிட்டனர். இரண்டாண்டு கழித்து 1887இற் கலித்தொகையும் வெளிவந்தது. எட்டுத்தொகையுள் முதலில் முழுமையாக அச்சேறியது அதுவே.

1882இல் அரசாங்க சேவையினின்று நீங்கிக் கும்பகோணத்தில் வழக்கறிஞராயிருந்த காலத்தில், அவ்வூர்க் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையரோடு பழக்கம் உண்டாயிற்று. ஐயரவர்கள் சீவக சிந்தாமணியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். பிள்ளையவர்கள் அதனைத் தாம் அச்சிட விரும்பிக் கேட்டனர். ஐயரவர்கள் இணங்கவில்லை. 1887இலே சிந்தாமணி ஐயரவர்கள் பதிப்பாகவே வந்தது. இதனைப் பிள்ளையவர்களுக்கு ஒரு குறையாகக் கூறுவாருமுளர். தொகுப்பார்க்கெல்லாம் உள்ள ஆசை அவர்க்கும் இருந்ததென்பதை மறைப்பானேன்? பிறர் கையிலே நல்லதொரு சுவடியைக் கண்டவிடத்து அவர் நெஞ்சு அதன்பாற் சென்றது. ஆனால் சென்றது பெட்டகத்தில் வைத்தற்கன்று, அச்சுக்கூடத்துக்கு அனுப்புதற்கு. இவ்வேற்றுமையை நோக்காது பழி கூறுதல் நேர்மையன்று.

பின்னர்ப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நியாயாதிபதியாகவும் சில ஆண்டு அமர்ந்தனர். நியாயத் தலத்தில் இரு திறத்துச் சாட்சிகளை ஒப்பிட்டு உண்மை காண்பதும், இரண்டு ஏடுகளை ஒப்பிட்டுப் பாடங் காண்பதும் ஒரே புத்தியின் தொழிலென்று எமக்குத் தோன்றுகின்றது. 1889இல் இலக்கண விளக்கமும், 1891, 1892ஆம் ஆண்டுகளில் நச்சினார்க்கினியர் உரையோடு எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் அவர் பதிப்பாக வந்தன. கைப்பொருள் செலவாயிற்று, வாங்குவோர் சிலரே. 1895இல் அரசாங்கத்தார் ராவ்பகதூர்ப் பட்டம் அளித்தனர். 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதனாள் சென்னையிலே தேகவியோகமாயினர்.

அவர் பொருளதிகாரப் பதிப்பிலே பெரியதொரு பிழை இருந்தது. நூல் முழுவதற்கும் உரை நச்சினார்க்கினியருடையதென்றே கொண்டு அச்சிட்டிருந்தனர். அவர் மறைந்து சிறிது காலத்துக்குள் மு. இராகவையங்கார் அதனை ஆராய்ந்து, இறுதி இயல்களுக்கு அங்ஙனம் வெளிவந்த உரை பேராசிரியருடையதென்று காட்டினர். ஆராய்ச்சிக்குக் கருவியாயிருந்தது பிள்ளையவர்கள் அச்சிட்ட புத்தகமே. பரணிற் கிடந்த ஏட்டின் பிழையை யார் காண்பர்? அதன் பின்னர்ப் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் பல பிரதிகளையும் ஒப்பிட்டு விளக்கக் குறிப்போடு தொல்காப்பியம் முழுவதையும் 1937 முதல் 1948 வரையிற் பகுதி பகுதியாகத் திருத்தி உதவினர். அதிலே பேராசிரியம் அவர் பெயராலேயே தனிப் பகுதியாக வந்தது. அப்பதிப்பு அச்சாகியது சுன்னாகத்தில். முத்துக்குமார கவிராயரிடத்துச் சிறுப்பிட்டிச் சிறுவரொருவர் பாடங் கேட்ட அதே ஊரில்.