பாலை வழிக்கு நீர் தந்த ஜுபைதா அம்மையார்

உங்கள் இல்லத்திலிருந்தோ உங்கள் தெருவிலிருந்தோ எவரேனும் ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது, துஆச் செய்யுமாறு வேண்டிக்கொண்டு வழியனுப்புகிறீர்கள். இஹ்ராம் துணி, மருந்து, ஊறுகாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறீர்கள். அவ்வேளையில் ஓர் அம்மையாரின் வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அரேபியப் பாலையின் வெயிலில் மனித உயிரைக் காப்பது எப்படி என்பதை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணிப் பார்த்துச் செயலாற்றியவர் அவர். கலீபா ஹாரூன் அல் ரஷீதின் துணைவியார் ஜுபைதா அம்மையாரே அவர்.

அவருடைய இயற்பெயர் அமத்துல் அஜீஸ். அப்பாசியப் பேரரசின் இரண்டாம் கலீபாவும் பக்தாத் நகரை நிறுவியவருமான அல் மன்சூரின் பேத்தி. குழந்தைப் பருவத்தில் கொழுகொழுவென்றிருந்த பேத்தியைப் பாட்டனார் வெண்ணெய் உருண்டை என்ற பொருள்படக் கொஞ்சியழைத்தார். அந்தச் செல்லப் பெயரே ஜுபைதா என வரலாற்றில் நிலைத்துவிட்டது. தம் தந்தையின் உடன்பிறந்தார் மகனான ஹாரூனை ஹிஜ்ரி 165ஆம் ஆண்டில் மணந்தார். ஹாரூன் 786இல் கலீபாவானதும் உலகின் செல்வம் கொழித்த அரண்மனைக்கு அரசியானார். அணிமணிகளுக்கு அங்கே குறைவில்லை. ஆயினும் அந்த அரண்மனையின் புகழ் அணிமணிகளோடு முடிந்துவிடவில்லை. திருக்குர்ஆனை மனனம் செய்த பணிப்பெண்கள் நூற்றுவர் இடைவிடாது ஓதிவந்தனர் என்றும், அந்த ஓசை தேன்கூட்டின் ரீங்காரம் போல் வெளியே கேட்டது என்றும் வரலாற்றாசிரியர் இப்னு கல்லிக்கான் எழுதியுள்ளார்.

இத்தகைய அரசி ஹஜ்ஜுக்குச் சென்றார். அன்றைய ஹஜ்ஜுப் பாதையைச் சற்றே உங்கள் மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். இராக்கின் கூஃபா நகரிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. எங்கும் மணல், கருங்கல், வெயில். ஒட்டகத்தின் முதுகில் தொங்கும் தோல் துருத்தி நீரே உயிர். அது வற்றிப்போனாலோ, அடுத்த கிணறு தூர்ந்து கிடந்தாலோ, கூட்டமே மாண்டுபோகும். மக்காவை அடைந்த பின்னரும் துன்பம் தீர்ந்ததில்லை. ஒரு துருத்தி நீர் ஒரு தீனார் பொற்காசுக்கு விற்ற காலமும் உண்டு. பொன் இல்லாத ஏழை ஹாஜியின் நிலை என்ன? அரசியாரின் நெஞ்சைத் தைத்த கேள்வி இதுவேயாகும்.

அவர் அழுதுவிட்டு அரண்மனைக்குத் திரும்பிவிடவில்லை, பொறியாளர்களை அழைத்தார். மக்காவுக்குக் கிழக்கேயுள்ள மலைப்புறத்து ஊற்றுகளிலிருந்து நீரைக் கொண்டுவர வேண்டும் என்றார். பாறையைக் குடைய வேண்டும், மேட்டைச் சமப்படுத்த வேண்டும், செலவு அளவின்றிப் போகும் என்று அவர்கள் தயங்கினர். மண்வெட்டியின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தீனார் ஆனாலும் வேலை நடக்கட்டும் என்று அவர் ஆணையிட்டதாகக் கூறுவர். ஹுனைன் பகுதியின் நிலங்கள் வாங்கப்பெற்று, ஊற்றுகள் ஒன்றுசேர்க்கப்பெற்றன. நுஅமான் பள்ளத்தாக்கிலிருந்து அரஃபாத் பக்கமாக மற்றொரு கால்வாயும் வந்தது. அதுவே ஐன் ஜுபைதா, அதாவது ஜுபைதா ஊற்று எனப் பெயர் பெற்றது. பணி முடிந்தபின் கணக்கேடுகள் கொண்டுவரப்பட்டபோது, கணக்குக் கேட்கும் நாளுக்காகவே கணக்கை விட்டுவிட்டதாகக் கூறி, அவற்றைத் தஜ்லா ஆற்றில் எறிந்துவிடச் சொன்னார் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

கூஃபாவிலிருந்து வரும் பாதையையும் அவர் மறந்தாரில்லை. இப்பாதையில் அவருக்கு முன்னிருந்த கலீபாக்களும் கிணறு தோண்டி மைல்கற்கள் நட்டிருந்தனர். அம்மையார் அப்பணியைப் பன்மடங்கு பெருக்கியமையால் பாதை முழுவதற்குமே தர்பு ஜுபைதா என்று அவர் பெயரே வழங்கலாயிற்று. பெரிய தங்குமிடங்கள் 27. அவற்றுக்கு நடுநடுவே சிறிய தங்கல்களும் அமைந்தன. ஆங்காங்கே கிணறுகளும் பிர்கா எனப்படும் பெருந்தொட்டிகளும் இருந்தன.

அந்தத் தொட்டிகளின் அமைப்பை நீங்கள் அறிந்துகொள்வது நன்று. பாலையில் மழை ஆண்டில் சில நாள்களே பெய்யும். பெய்தால் ஓடைகளில் வெள்ளம் பாய்ந்து சில மணி நேரத்தில் மறைந்துவிடும். அந்த வெள்ளத்தைச் சுவர் எழுப்பித் திருப்பினர். நீர் முதலில் ஒரு சிறு தொட்டியில் தேங்கும்; மணலும் சேறும் அங்கே அடியில் தங்கிவிடும்; தெளிந்த நீர் மட்டும் பெருந்தொட்டிக்குள் வழியும். கல்லால் கட்டிச் சுண்ணம் பூசிய அந்தத் தொட்டிகளில் இறங்கி நீர் எடுக்கப் படிகளும் உண்டு. அரண்மனை மதிலை எழுப்புகிற அதே கவனத்தோடு ஏழை வழிப்போக்கனின் குடிநீருக்குக் கட்டப்பட்டவை அவை. ஆதலால்தான் அவற்றுள் பல இன்றும் சவூதிப் பாலையில் நிற்கின்றன. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் 1184இல் அவ்வழியே சென்ற ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், இந்த நீர்நிலைகள் இல்லையேல் அப்பாதையில் எவரும் செல்ல இயலாது என்ற கருத்தைத் தம் பயண நூலில் பதிந்து, அம்மையாருக்காக இறைஞ்சியுள்ளார்.

இவ்வளவு செய்தவர் வாழ்வில் துன்பமே கண்டதில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 809இல் கணவரை இழந்தார். அரியணைக்காக நடந்த உள்நாட்டுப் போரில் அவருடைய ஒரே மகன் அல் அமீன் 813இல் கொல்லப்பட்டார். வென்றவர் கணவரின் மற்றொரு மகனான அல் மஃமூன். பழிவாங்கக் கிளம்புமாறு தூண்டியவர்களும் இருந்தனர், அம்மையார் உடன்படவில்லை. ஹிஜ்ரி 210இல் மஃமூன் தம் புதுமணப்பெண் பூரானிடம் விரும்பியதைக் கேட்குமாறு சொன்னபோது, அவர் வேண்டியவற்றுள் ஒன்று ஜுபைதா அம்மையாருக்கு ஹஜ்ஜுக்குச் செல்ல அனுமதி என்பதாகும். மகனை இழந்து முதுமையுற்ற தாயின் மனம் எந்த வழியை நாடியது என்பதை நீங்களே உணர்ந்துகொள்ளலாம். 831ஆம் ஆண்டு பக்தாதில் அவர் மறைந்தார்.

நீர் மட்டும் நின்றுவிடவில்லை. கால்வாய் பழுதுற்றபோதெல்லாம் பின்வந்தோர் செப்பனிட்டனர். 16ஆம் நூற்றாண்டில் துருக்கி சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா பெரும்பொருள் செலவிட்டு அதனைப் புதுப்பித்தார். ஓர் அரசி தொடங்கியதை மற்றோர் அரசகுமாரி ஏற்றுக்கொண்டார். நிலையான தர்மம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி நம் காலத்துக்கு வருவோம். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் மக்காவின் வெப்பம் 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. 1,301 பேர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலும் இளைப்பாறும் இடமும் இன்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். ஆகாய விமானமும் குளிர்சாதனக் கூடாரங்களும் வந்த பின்னரும், நீரும் நிழலும் கிட்டாதவனுக்குப் பாலை அன்றுபோலவே இன்றும் கொடியது.

ஆதலின் ஹஜ்ஜுக்குச் செல்லும் உங்கள் பெற்றோருக்குச் சொல்லுங்கள். உடல் வியர்த்து, அவ்வியர்வை உலர்வதால்தான் குளிர்கிறது. இழந்த நீரை ஈடுசெய்யாவிடில் அந்த ஏற்பாடு குலைந்துவிடும். முதியோருக்குத் தாகம் தாமதமாகவே தெரியும். தாகம் வரும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகப் பருக வேண்டும். நண்பகல் நடையைத் தவிர்க்க வேண்டும். இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடலாகாது. ஆனால் குடை பிடித்துக்கொள்ளலாம் என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் முடிவு. இறுதி ஹஜ்ஜின்போது கல்லெறியச் சென்ற பெருமானார் (ஸல்) அவர்களுக்குத் தோழர் ஒருவர் துணியை உயர்த்திப் பிடித்து நிழல் தந்தார் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. கடும் வெப்பத்தில் லுஹர்த் தொழுகையைச் சற்றுத் தணிந்த வேளைக்குத் தள்ளிவைக்கவும் அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். உடலை வீணே வருத்திக்கொள்வது பக்தியன்று.

உடன் வருபவர் பிதற்றினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ, அது வெயில் தாக்கின் அறிகுறி. தாமதியாமல் நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் தெளித்து விசிறுங்கள். மருத்துவ உதவியை அழையுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். அனுமதியில்லாத குறுக்கு வழியில் அழைத்துச் செல்வதாக எவரேனும் ஆசை காட்டினால், அந்த வழியில் நீருமில்லை, நிழலுமில்லை என்பதை நினைவுபடுத்துங்கள்.

ஜுபைதா அம்மையாரைப் போல் மலையைக் குடைய நம்மால் இயலாது. அரஃபாத் வெளியில் அயலார் ஒருவருக்கு ஒரு குவளை நீர் நீட்டவும், நம் குடையின் பாதி நிழலைப் பகிரவும் யாவராலும் இயலும். அந்த அம்மையாரின் மறுமையை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அவன் இல்லத்தை நாடிச் செல்லும் நம் உற்றார் அனைவரையும் நலமே கொண்டுசேர்த்து, நலமே திருப்பித் தருவானாக! ஆமீன்.