திரைத்தொழில் வளர்த்த டி. ஆர். சுந்தரம்

ஓசூர் நகரில் வைகறைப் பொழுதில் சாலையோரம் நின்று நோக்குவோர் ஒரு காட்சியைக் காணலாம். ஆடவரும் மகளிருமாகத் தொழிலாளர் பலர் சீருடை அணிந்து, குறித்த நேரத்தில் வரும் பேருந்துகளில் ஏறித் தத்தம் ஆலைகளுக்குச் செல்வர். அவர்கள் உள்ளே நுழையும் அதே வேளையில் இரவு முறை முடித்தவர்கள் வெளியே வருவர். ஒரு நொடியும் வீணாகாமல் வேலை கை மாறும். ஒருவர் செய்த உறுப்பை மற்றொருவர் பொருத்த, வேறொருவர் சோதிக்க, இறுதியில் முழுமையான பொருள் வெளிவரும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் ஓசூரில் வேரூன்றிய வாழ்க்கை முறை இது.

இத்தகைய ஒழுங்கு இரும்பையும் எந்திரத்தையும் ஆளும் தொழிலுக்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், ஆடலும் பாடலும் நடிப்பும் நிறைந்த திரைப்படக் கலையையும் இவ்வாறே ஓர் ஆலையின் ஒழுங்கோடு நடத்தலாம் என்று காட்டிய பெருமகனார் ஒருவர் நம் பகுதியிலேயே வாழ்ந்தார். ஓசூரும் கிருட்டிணகிரியும் 1965-ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. பின்னர்த் தருமபுரி மாவட்டத்தில் சேர்ந்து, 2004-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயின. அந்தப் பழைய சேலம் மாவட்டத்தில் தோன்றி, அதன் தலைநகரை இந்தியப் படவுலகம் அறியச் செய்தவரே டி. ஆர். சுந்தரம்.

சுந்தரம் 1907-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16-ஆம் நாள் பிறந்தார். திருச்செங்கோடு அவருடைய ஊர். மலைமேல் கோவிலும் மலையடியில் தறிகளின் ஒலியும் கொண்டது அவ்வூர். தந்தையார் இராமலிங்க முதலியார் நூல் வாணிகம் செய்து வளம் பெற்றவர். குடும்பத் தொழிலை மேலும் வளர்க்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு, மைந்தரை இங்கிலாந்து நாட்டிற்கு அனுப்பினர். அங்கு லீட்சு நகரில் அவர் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். கடல் கடந்து கற்றுவந்தவர் பெரியதோர் ஆலையை நிறுவுவார் என்றே உறவினர் எதிர்பார்த்திருப்பர். அவரும் ஆலையைத்தான் நிறுவினார். ஆனால், அந்த ஆலையில் நெய்யப்பட்டது துணியன்று.

அக்காலத்தில் தமிழ்ப் பேசும்படம் பச்சிளங் குழந்தையாக இருந்தது. 1931-ஆம் ஆண்டில்தான் முதற்படமாகிய காளிதாஸ் வெளிவந்தது. தமிழ்நாட்டில் ஒலிப்பதிவு வசதியுடைய படநிலையம் அப்போது இல்லை. ஆதலின், படம் எடுக்க விரும்பியவர்கள் நடிகர்களையும் இசைக் கலைஞர்களையும் அழைத்துக்கொண்டு, ஆடை அணிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு, இரயிலேறிப் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ செல்ல நேர்ந்தது. அங்கே நிலையத்துக்கு வாடகை, தங்கும் விடுதிக்குக் கட்டணம், மொழி அறியாத தொழில்நுட்பக் கலைஞர்களோடு போராட்டம் எனச் செலவும் சிரமமும் பெருகின. சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸ் என்னும் நிறுவனத்தாரோடு சேர்ந்து தொடக்க காலப் படங்களில் ஈடுபட்ட சுந்தரம், இத்தொல்லைகளை நேரில் உணர்ந்தார். படம் எடுப்பதற்கு நாம் ஏன் அயலூர் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது.

வேறொரு தடையும் இருந்தது. படத்தொழிலைச் சான்றோர் மதிக்காத காலம் அது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராக விளங்கி, திருச்செங்கோட்டிற்கு அருகில் காந்தி ஆசிரமம் நிறுவிய மூதறிஞர் இராசாசி, திரைப்படத்தை விரும்பாதவர். அது மக்களின் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தைப் பொருளற்றது என்று ஒதுக்குதல் இயலாது. கூத்தாடிகளின் தொழில் என்னும் இகழ்ச்சியும், இன்று வேலை நாளை பட்டினி என்னும் நிலையின்மையும் அத்தொழிலைச் சூழ்ந்திருந்தன. இகழ்ச்சியை நீக்குவதற்குச் சுந்தரம் வாதம் புரியவில்லை. அத்தொழிலில் ஒழுங்கையும் உறுதியான ஊதியத்தையும் ஏற்படுத்தினால் மதிப்புத் தானே வரும் என்று கருதி, செயலில் இறங்கினார்.

1935-ஆம் ஆண்டில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் தோன்றியது. ஏற்காடு மலைக்குச் செல்லும் சாலையில், சேர்வராயன் மலைத்தொடர் பின்னணியாக விளங்க, அதன் படநிலையம் எழுந்தது. படப்பிடிப்புக் கூடங்கள், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருளைக் கழுவிப் பதப்படுத்தும் இடம், வெட்டித் தொகுக்கும் அறை ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் அமைந்தன. கதையாக உள்ளே நுழைவது படமாக வெளியே வரவேண்டும் என்பதே அவர் திட்டம். நூலிழை பல கைகள் மாறித் துணியாவதைக் கற்றவர் அல்லரோ அவர்! 1937-ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் முதற்படமாகிய சதி அகல்யா வெளிவந்தது.

நிலையத்தின் நடைமுறை கண்டிப்பானது. நடிகராயினும் தச்சராயினும் குறித்த நேரத்தில் வந்தாக வேண்டும். எழுத்தாளர், பாடலாசிரியர், இசைக் கலைஞர், தொழில்நுட்பக் கலைஞர் முதலியோர் பலர் திங்கள் ஊதியம் பெறும் பணியாளர்களாக இருந்தனர். முதலாளியே முதலில் வந்து இறுதியில் செல்பவராகவும், எத்தனை அடி படச்சுருள் செலவாயிற்று என்பதையும் கணக்கிடுபவராகவும் இருந்தமையால், பிறர் சோர்வதற்கு இடமில்லை. இக்கண்டிப்பு சிலருக்குக் கசந்தது. ஆயினும், திங்கள்தோறும் தவறாமல் வந்த ஊதியம் பல குடும்பங்களில் அடுப்பெரியச் செய்தது. நிலையற்ற தொழில் என்னும் பழி இவ்வாறு அங்கு நீங்கியது.

சுந்தரம் தமிழோடு நின்றுவிடவில்லை. மலையாள மொழியில் அதுவரை பேசும்படம் தோன்றவில்லை. நாகர்கோவிலைச் சேர்ந்த ஏ. சுந்தரம் பிள்ளை என்பவர் எழுதிய கதையைத் தழுவி, நொட்டானி என்னும் இயக்குநரைக் கொண்டு, சேலத்தில் பாலன் என்னும் படத்தை அவர் உருவாக்கினார். 1938-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வெளிவந்த அதுவே மலையாளத்தின் முதற் பேசும்படமாகும். தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம் முதலிய மொழிப் படங்களும் அந்நிலையத்தில் உருவாயின. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும் ஓசூரில் வாழ்வோர், இதன் சிறப்பை எளிதில் உணர்வர். மொழி வேறுபாடு வேலைக்குத் தடையன்று என்பதைச் சேலத்துப் படநிலையம் மெய்ப்பித்தது.

புதுமையில் அவருக்கு இருந்த ஆர்வத்திற்கு 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த உத்தமபுத்திரன் சான்றாகும். பி. யு. சின்னப்பா அதில் இரட்டையராக இருவேடம் பூண்டு நடித்தார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் ஒரே நடிகரை ஒரே காட்சியில் இருவராகக் காட்டுவது எளிதன்று. படப்பெட்டி சிறிதும் அசையாதவாறு நிறுத்தப்படும். முதலில் கண்ணாடிவில்லையின் ஒரு பாதி மறைக்கப்பட்டு, மறுபாதியில் நடிகரின் ஒரு வேடம் பதிவாகும். பின்னர்ச் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, பதிந்த பாதியை மறைத்து, நடிகரை மறுவேடத்தில் நிறுத்துவர். இமையளவு பிழை நேர்ந்தாலும் முழுக் காட்சியும் பாழாகும். அக்காலத் தந்திரக் காட்சிகள் இத்தகைய பொறுமையினாலேயே உருவாயின. 1942-ஆம் ஆண்டில், பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் என்னும் நாடகக் காப்பியத்தைத் தழுவி, பெரும்பொருள் செலவிட்டு மனோன்மணியைத் திரைக்குக் கொணர்ந்தார். இலக்கியம் கல்லாத மக்களுக்கும் அதன் கதை அதனால் எட்டியது.

அப்போது இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. போர், படத்தொழிலின் உயிர்நாடியையே இறுக்கியது. படச்சுருள் செய்யும் ஆலை அந்நாளில் நம் நாட்டில் இல்லை. அது கப்பலில் வந்தாக வேண்டும். கப்பல்கள் குறையவே, ஒரு படத்தின் நீளம் 11,000 அடியைக் கடத்தல் கூடாது என அரசு வரம்பு விதித்தது. உலகின் மறுகோடியில் உள்ள அர்சென்டினா நாட்டிலும் இதே துன்பம் நேர்ந்தது. அங்கே 1930-களின் தொடக்கத்தில் தோன்றிய அர்சென்டினா சோனோ பிலிம், லூமிட்டன் என்னும் இரு நிறுவனங்கள் சேலத்தைப் போன்றே தமக்கெனப் படநிலையங்களைக் கண்டு, இசுப்பானிய மொழி பேசும் நாடுகள் பலவற்றுக்கும் படங்களை அனுப்பி ஓங்கி வளர்ந்தன. போரில் அந்நாடு நடுநிலை வகித்தமையால், அமெரிக்கா படச்சுருள் வழங்குவதைச் சுருக்கியது. சில ஆண்டுகளில் அந்நாட்டுப் படங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. கலை எவ்வளவு உயரப் பறந்தாலும், அதன் கால்கள் தொழில் என்னும் நிலத்திலேயே ஊன்றியுள்ளன என்பதற்கு இது சான்று.

அந்த நெருக்கடியிலும் சேலத்து நிலையம் கதவடைக்கவில்லை. அடியளந்து செலவிடும் பழக்கம் அதற்குக் கைகொடுத்தது. சப்பானியர் பிடியில் இருந்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானப் படையினரின் கதையைப் பர்மா ராணி என்னும் பெயரில் சுந்தரம் இயக்கினார். அது 1945-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்படத்தில் அவரே நடிகராகவும் தோன்றினார்.

போர் முடிந்து நாடு விடுதலை பெற்றபின், தமிழ்ப் படங்களின் போக்கு மாறத் தொடங்கியது. பாட்டே பெரிதாக இருந்த நிலை மாறி, உரையாடல் சிறந்தது. இம்மாற்றத்தை முன்னரே உணர்ந்த சுந்தரம், இளம் எழுத்தாளர்களைத் தேடிச் சேர்த்தார். மு. கருணாநிதி, கண்ணதாசன், மருதகாசி, கா. மு. ஷெரீப் முதலியோர் அந்நிலையத்தில் பணியாற்றினர். பாரதிதாசனின் காவியம் ஒன்று 1950-இல் பொன்முடி என்னும் படமாயிற்று. அதே ஆண்டில் மந்திரி குமாரி வெளிவந்தது. குண்டலகேசிக் கதையைத் தழுவிக் கருணாநிதி எழுதிய நாடகமே அதற்கு அடிப்படை. எம். ஜி. இராமச்சந்திரன் அதில் நடித்தார். இயக்கத் தொடங்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். அவர் தாய்நாடு செல்ல நேர்ந்தபோது வேலை நிற்கவில்லை. எஞ்சியதைச் சுந்தரமே இயக்கி முடித்தார். ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடரும் ஆலையின் இயல்பு கலையிலும் கைகூடியது.

அவர் எடுத்தவை யாவும் உயர்ந்த கலைப்படைப்புகள் எனல் பொருந்தாது. மேனாட்டுக் கதைகளைத் தழுவியவை பல. மக்களின் கண்ணையும் காதையும் மகிழ்விப்பதோடு நின்றவையும் பல. ஆண்டுதோறும் பல படங்களை வெளியிட வேண்டிய நிறுவனத்தில் இக்குறை நேர்தல் இயல்பே. ஆனால், மக்கள் ஏற்ற படங்களால் வந்த பொருளை அவர் மீண்டும் தொழிலிலேயே இட்டார். அமெரிக்க நிறுவனத்தோடு கூடி 1952-இல் ஆங்கிலத்தில் தி ஜங்கிள் என்னும் படத்தை வெளியிட்டார். 1956-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் வெளிவந்த அலிபாபாவும் 40 திருடர்களும், தமிழில் முழுதும் வண்ணத்தில் அமைந்த முதற்படமாகும். 1961-இல் கண்டம் வெச்ச கோட்டு என்னும் படத்தால் மலையாளத்திற்கும் முதல் வண்ணப்படத்தை அளித்தார். ஒட்டுப்போட்ட மேலங்கியணிந்து, புனித யாத்திரைக்காகச் சிறுகச் சிறுகப் பொருள் சேர்க்கும் ஏழைத் தொழிலாளி ஒருவரின் கதை அது. வண்ணம் என்றதும் அரண்மனையை நாடாமல், ஏழையின் ஒட்டுத்துணியைக் காட்டியது அப்படத்தின் சிறப்பாகும்.

ஓய்வின்றி உழைத்த சுந்தரம் 1963-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 30-ஆம் நாள், தமது 56-ஆம் அகவையில் மறைந்தார். அவருக்குப் பின் அவர்தம் மைந்தர் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். ஆயினும், நடிகரும் தொழில்நுட்பக் கலைஞரும் சென்னையிலேயே நிலைத்துவிட்டமையால், சேலத்தில் படம் எடுப்பது படிப்படியாகக் குறைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த அந்நிலையம் 1980-களில் ஓய்ந்தது. முதல் மலையாளப் பேசும்படமாகிய பாலனின் படச்சுருளும் இன்று கிடைக்கவில்லை. ஏற்காடு சாலையில் நிலையத்தின் நுழைவாயில் வளைவு மட்டும் நின்று, பழைய பெருமையை நினைவூட்டுகின்றது.

கட்டடம் மறைந்தது, சுருளும் அழிந்தது. ஆனால், அங்கு எழுதப் பழகியவர்களும் நடிக்கப் பழகியவர்களும் பின்னர்த் தமிழகத்தின் பெரும்புகழ் பெற்றனர். எந்தத் தொழிலும் தன்னளவில் இழிந்ததன்று. அதனை நடத்தும் முறையாலேயே அது உயர்வும் தாழ்வும் அடைகின்றது. தலைநகரிலிருந்து தொலைவில் இருப்பதும் குறையன்று. உறுதியும் ஒழுங்கும் உள்ள இடமே ஒரு தொழிலின் தலைநகராகும். தொழில்வளம் பெருகும் ஓசூரிலும் கிருட்டிணகிரியிலும் வளரும் இளைஞர், தம் பழைய மாவட்டத்து முன்னோராகிய டி. ஆர். சுந்தரத்தின் வாழ்விலிருந்து பெறத்தக்க செல்வம் இதுவேயாகும்.