நீதிமொழிக்கு உயிர் கொடுத்த முன்சீப்

கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறவர்களில் பலர், மறுநாள் தறிக்கும் கடைக்கும் தோட்டத்துக்கும் போகிறவர்கள். கூலிக் கணக்கு, கடன், வட்டி என்று அவர்களுக்கு ஆயிரம் கவலை. கோயிலில் கேட்ட நீதிமொழி கோயிலோடு சரி, பிழைப்பு வேறு என்று எண்ணுகிறவர்களும் உண்டு. எல்லா மதத்தாருக்கும் உள்ள எண்ணந்தான் இது.

ஆனால் பைபிளின் நீதிமொழிகள் என்ற ஆகமத்தைப் புரட்டிப் பாருங்கள். அதன் 31 அதிகாரங்களில் பூசை முறைகளைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. கள்ளத் தராசு, ஊரான் கடனுக்கு ஜாமீன் நிற்பது, எறும்பைப் பார்த்துச் சோம்பேறி கற்க வேண்டிய பாடம், இப்படி வீடும் சந்தையும் நியாயஸ்தலமுமே அதில் நிறைந்திருக்கின்றன. பெரும்பகுதி சாலமோன் அரசர் பெயரால் வழங்குகிறது. கடைசி அதிகாரத்திலோ லேமுவேல் என்ற அரசனுக்கு அவன் தாய் புத்தி சொல்கிறாள். குடியில் மயங்கி நியாயத்தை மறக்காதே, வாயற்ற ஏழைக்காக வாய் திற என்பது அவள் உபதேசத்தின் சாரம்.

இன்னொரு விசேஷம். மூடனுக்குப் பதில் சொல்லாதே என்று ஓரிடத்தில் வருகிறது. அடுத்த வசனமே பதில் சொல் என்கிறது! இது முரண்பாடு அல்ல. எந்த வேளைக்கு எது பொருந்தும் என்று நிதானிக்க வேண்டியது கேட்பவன் பொறுப்பு. சட்டம் கட்டாயப்படுத்தும், நீதிமொழியோ விவேகத்தைப் பழக்கும்.

அந்தப் பழக்கத்தைத் தம் வாழ்வில் காட்டியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

திருச்சிக்கு அடுத்த குளத்தூரில் 1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி, ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்றுத் திருச்சி கோர்ட்டில் உத்தியோகம் பார்த்தார். 1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழி, மாயூரம் என்று மாறினார்.

முன்சீப் ஆன இரண்டாவது வருஷமே, 1859-ல், அவருடைய 'நீதிநூல்' வெளிவந்தது. மது, சூது, சோம்பல் ஆகியவற்றோடு கைக்கூலியையும் அதில் கண்டித்தார். லஞ்சம் வாங்கத் தோதான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே லஞ்சத்தைப் பழித்து எழுதுவது லேசான காரியமா? எழுதியதற்கு மாறாக ஒரு காசு வாங்கினாலும் ஊர் சிரிக்கும். தம் கையைத் தாமே கட்டிக்கொண்டார் என்றே சொல்லவேண்டும்.

சட்டம் புரியாமல் ஜனங்கள் தவிப்பதையும் அவர் கண்டார். 1805 முதல் 1861 வரையிலான மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தார். 1869-ல் பெண்களுக்காகப் 'பெண்மதி மாலை' எழுதினார்.

மேலதிகாரியோடு ஏற்பட்ட மனத்தாங்கலால் 1872-ல் உத்தியோகம் போயிற்று. சில வருஷங்களில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சம் அது. பதவியில் இல்லாத பிள்ளையவர்கள், சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். யார் எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்கவில்லை. நந்தனார் சரித்திரம் பாடிய சைவரான கோபாலகிருஷ்ண பாரதியாரே இந்தக் கிறிஸ்தவரைப் போற்றிக் கீர்த்தனம் பாடினார் என்றால், ஊர் அவரை எப்படி மதித்தது என்பது விளங்கும்.

1879-ல் வெளிவந்தது 'பிரதாப முதலியார் சரித்திரம்'. தமிழின் முதல் நாவல் என்று பெயர் பெற்ற அந்தப் புஸ்தகத்தை ஏன் எழுதினார்? தமிழில் வசன நூல் இல்லாத குறையைத் தீர்க்க வேண்டும். முன்பு செய்யுளில் சொன்ன நீதிகளை மனிதர்கள் நடந்துகாட்டும்படி கதையில் வைக்க வேண்டும். இந்த இரண்டுமே அவருடைய நோக்கங்கள்.

1889-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி அவர் காலமானார்.

வேதத்தில் இருப்பதால் நீதிமொழிக்கு மதிப்பு உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மதிப்பை அயலான் ஒப்புக்கொள்வது, சொல்லுகிறவன் தராசு பிடிக்கும்போதும் கூலி கொடுக்கும்போதும் தான். பாரதியார் பாடியது வேதநாயகம் பிள்ளையின் வேதத்தை அல்ல. அவர் வார்த்த கஞ்சியை.