நீதிபதி அன்னா சாண்டி அம்மையார்

நம் வைகை அணை 1959 ஜனவரி 21ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து, நமக்குப் பெரியாற்று நீரைத் தரும் மலைகளுக்கு அப்பால், கேரள உயர் நீதிமன்றத்தில் ஓர் அம்மையார் நீதிபதியாக அமர்ந்தார். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண்மணி அவரே. இங்கிலாந்தில்கூட 1965இல்தான் இது நடந்தது!

1905இல் பிறந்த அன்னா, திருவனந்தபுரத்தில் வளர்ந்தார். அந்நாளில் பட்டதாரிகளுக்கு பி.எல். இரண்டாண்டுப் படிப்புதான். ஆயினும் திருவிதாங்கூரில் அதை முடித்த பெண் ஒருவரும் இல்லை. 1926இல் அன்னா முடித்தார்.

நமக்கு மிகவும் பிடித்தது 1928ஆம் ஆண்டு நிகழ்ச்சி. பெண்களுக்கு அரசு வேலை கொடுத்தால் இல்லறம் கெடும் என்று திருவனந்தபுரத்தில் ஒரு பெரியவர் மேடையில் பேசினார். அன்னா எழுந்து, வழக்கு மன்றத்தில் நிற்பதுபோல அவருடைய வாதங்களை ஒவ்வொன்றாக மறுத்தார். பெண்களைத் தூக்கிலிடலாகாது என்றிருந்த சலுகையைக்கூடப் பின்னர் அவர் எதிர்த்தார். சம உரிமை கேட்பவர் சலுகை கேட்கலாகாது என்பது அவர் கட்சி. நம்மில் சிலருக்கு இது கடுமையாகப் படலாம். அவர் நேர்மையை மறுக்க முடியாது.

‘ஸ்ரீமதி’ என்னும் மலையாள இதழை நடத்தினார். 1931இல் சட்டசபைத் தேர்தலில் நின்றபோது அவதூறுகள் பரவின; தோற்றார். மறு ஆண்டே வென்றார். 1937இல் முன்சீப் ஆனார். இந்தியாவில் முதல் பெண் நீதிபதி! 1948இல் மாவட்ட நீதிபதி. 1967இல் உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றபின் சட்ட ஆணையத்திலும் பணிபுரிந்தார். 1996இல் மறைந்தார்.