முத்தைக் கரைத்த அரசி

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடைபெற்றது 1961-இல். அந்தக் கடற்கரைக்குச் செல்லும்போதெல்லாம் எனக்கு எகிப்தின் அரசி கிளியோபாட்ராவின் நினைவு வரும். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், பெருவிலை பெற்ற முத்தை அவர் கரைத்துக் குடித்த கதை நெடுங்காலமாக என்னை உறுத்தி வந்திருக்கிறது.

கி.மு. 69-இல் பிறந்த கிளியோபாட்ரா, 18 வயதில் அரியணை ஏறினார். கிரேக்க வழிவந்த தாலமி மரபில், எகிப்து மக்களின் மொழியைக் கற்ற முதல் ஆட்சியாளர் அவரே. தம்பியுடன் அதிகாரப் போட்டி, நைல் நதி பொய்த்த ஆண்டுகள், ரோமின் நாடு பிடிக்கும் ஆசை ஆகியவற்றுக்கு நடுவே 21 ஆண்டுகள் நாட்டைக் காத்தார். ஜூலியஸ் சீசருடனும் மார்க் ஆண்டனியுடனும் அவர் கொண்ட உறவில் காதலுக்கு நிகராக அரசதந்திரமும் இருந்தது.

இத்தனை இருந்தும், உலகம் அவரை ஒரு விருந்தை வைத்தே நினைவுகூர்கிறது. ஒரே வேளை உணவுக்கு 1 கோடி செஸ்டர்ஸ் நாணயம் செலவிடுவதாக ஆண்டனியிடம் பந்தயம் கட்டிய அவர், காதணி முத்தைப் புளித்த காடியில் இட்டுக் கரைத்துப் பருகினாராம். அடுத்த முத்தையும் இட முனைந்தபோது நடுவர் பிளாங்கஸ் தடுத்துவிட்டார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் இதை எழுதிவைத்தவர் ரோமானிய அறிஞர் பிளினி.

இது நடக்கக் கூடியதா? முத்தின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அதில் மோதும்போது கரியமில வாயு வெளியேறி முத்து கரையும். செறிவு கூடினால் மோதல்கள் கூடும்; வினை விரையும். ஆனால் இவ்விதிக்கும் எல்லை உண்டு. காடியிலுள்ள அசிட்டிக் அமிலம் அயனியாகப் பிரிய நீர் வேண்டும். நீரே இல்லாத தூய அமிலம் முத்தை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. சாதாரணக் காடியில் அமிலம் சுமார் 5 விழுக்காடு. அதில் ஒரு கிராம் முத்து கரைய ஒரு நாளுக்கு மேலாகும் என்று 2010-இல் புரூடென்ஸ் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்து எழுதினார். ஆக, வேதியியல் பொய்யன்று; விருந்தின் வேகம்தான் ஐயத்துக்குரியது.

கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் தோற்று, மறு ஆண்டு உயிர்துறந்தார் அரசி. எகிப்து ரோமின் உடைமையானது. எஞ்சிய முத்தை இரண்டாக அறுத்து ரோமின் வீனஸ் சிலைக்குக் காதணியாக்கினர். பாண்டியரின் கொற்கையில் தண்டனைக் கைதிகள் மூழ்கி முத்தெடுத்ததாகப் பெரிபுளுஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் கூறுகிறது. முத்தின் உண்மையான விலை அவர்களின் மூச்சு. அதைக் கொடுத்தவர்கள் எந்தக் கதையிலும் இல்லை.

தொழிற்புரட்சிக்குப் பின் கடல் உறிஞ்சிய கரியமில வாயுவால், அதன் மேற்பரப்பு நீரில் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியுள்ளன. கடல்நீர் இன்னும் காரத்தன்மை உடையதே. ஆனால் சிப்பி ஓடு கட்டவும் பவளம் வளரவும் தேவையான கார்பனேட் அயனிகள் குறைந்து வருகின்றன. மன்னார் வளைகுடாவும் இதற்கு விலக்கல்ல. செறிவு சிறிதாக ஏறுவதால் வினை மெல்ல நடக்கிறது. மெல்ல நடப்பதால் கண்ணில் படுவதில்லை.

கிளியோபாட்ரா கரைத்தது தன் முத்தை. நாம் கரைப்பது அடுத்த தலைமுறையின் உடைமையை. அன்று இரண்டாவது முத்தைக் காப்பாற்ற ஒரு நடுவர் இருந்தார். இன்று அந்தப் பொறுப்பு நம்முடையது.